நாலு பேர் கட்சியும் இண்டூர் பேனரும்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குடை பார்லரில், நான் வீட்டில். நனைந்துகொண்டே போய்க் கடை திறந்தேன்.

இன்று புருவம் ஐந்து பேர். ஃபேஷியல் ஒன்று. ஒரு கல்லூரிப் பெண் முடியைத் தோள் வரை வெட்டச் சொல்லி, வெட்டியதும் கண்ணாடியைப் பார்த்து அழுதாள். நான் என்ன செய்வது.

மூன்றாவது ஆளுக்குப் புருவம் எடுக்கும்போது போன். நூல் பல்லில். விட்டால் அறுந்துவிடும். திரையில் வெளிநாட்டு எண். அப்படியே துப்பிவிட்டு எடுத்தேன். தீவிலிருந்து நம் தூதரகத்து சார். பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார்.

“ஃபைல் மந்திரி டேபிளுக்குப் போயாச்சும்மா. மொத்தம் பதினொரு பேர். உங்க வீட்டுக்காரரும் இருக்கார். கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.”

வந்த பெண்ணுக்கு ஒரு புருவம்தான் முடிந்திருந்தது. மற்றதை எடுக்க அரை மணி நேரம் ஆனது.

தீவு என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். அத்தைக்கு அந்த நாட்டின் பெயர் வாயில் நுழையாது. எங்களுக்கும் தீவே பழகிவிட்டது. கல்யாணமாகி எட்டு மாதத்தில் அவர் அங்கே துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டப் போனார். ஒரு மழை நாளில் வளைவில் திரும்பும்போது பைக்கில் வந்தவர் ஒருவர் சக்கரத்தில். ஐந்து வருடம் தண்டனை. இரண்டு முடிந்துவிட்டது.

அவர்களுக்கும் நமக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. அங்கே தண்டனை பெற்ற நம் ஆட்கள் மீதிக் காலத்தை நம் ஊர்ச் சிறையில் கழிக்கலாம். சேலம் கிடைத்தால் போதும். காலையில் பஸ் ஏறினால் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். விடுதலை கேட்கவில்லை நான். பஸ்ஸில் போய்ப் பார்க்கிற தூரம்தான் கேட்கிறேன்.

மோட்டார் ரிப்பேர். தண்ணீர் பக்கத்து வீட்டில் பிடித்தோம்.

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. கொசு.

சரவணன் வந்தான். என் கொழுந்தன். அவருடைய ஒரே தம்பி. செல்போன் கடை வைத்திருக்கிறான், கட்சியில் ஒன்றிய இளைஞரணி. இரண்டில் எதைக் கவனிக்கிறான் என்றால் இரண்டாவதை.

அவனிடம் எல்லாம் சொன்னேன். தீவின் அரசாங்கம் இப்போது ஆடிக்கொண்டிருக்கிறது. ஆளுங்கட்சிக்குத் தனியாக மெஜாரிட்டி இல்லை. ஒரு சின்னக் கட்சியின் நாலு எம்.பி.க்கள் முட்டுக் கொடுத்து நிற்கிறது. நாலு பேர் கட்சி என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். சுருக்கமாக நா.பே. இந்த நா.பே.வுக்கு நம் நாடு என்றாலே ஆகாது. நாம் அங்கே துறைமுகம் கட்டிக் கொடுக்கிறோம், ரோந்துக் கப்பல் கொடுக்கிறோம். ‘தீவை இந்தியாவிடம் அடகு வைத்துவிட்டார்கள்’ என்று கூட்டம் போட்டுக் கத்துகிறார்கள். இந்த மாதம் நம் அமைச்சர் ஒருவர் அங்கே போகிறார். அதற்கு மரியாதையாகத்தான் பதினொரு பேரை அனுப்புகிறார்கள். நா.பே. மோப்பம் பிடித்தால் போச்சு.

ச. சிரித்தான்.

“அண்ணி, நாம பாக்காத கூட்டணியா? நாலு சீட்ட வச்சிக்கிட்டு கவுத்துருவானா? ஒரு வாரியத் தலைவர் போஸ்ட்டு குடுத்தா வாய மூடிக்குவானுங்க. சும்மா ரேட்டு ஏத்தறானுங்க.”

“அது இண்டூர் இல்ல, சரவணா.”

“எந்த ஊரா இருந்தா என்னங்க. கூட்டணின்னா கூட்டணிதான்.”

எங்கள் இண்டூர் ஸ்டாப் டீக்கடையில் எல்லோருக்கும் இவன்தான் தீவு அரசியல் நிபுணர். போன வாரம் கடைக்காரர் என்னிடமே கேட்டார்: “ஏம்மா, அந்த நாலு பேரு ஆதரவு வாபஸ் வாங்கிருவாங்களா?” ஏதோ பக்கத்துத் தொகுதி மாதிரி. சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

நவம்பர் 8, சனி

வெயில். சனிக்கிழமை அவர் பேசும் நாள். பத்து நிமிடம். முடிந்ததும் தானாகவே அறுந்துவிடும்.

அத்தை முதலில். சாப்பிட்டாயா, இளைத்துப் போனாயா, அதே கேள்விகள். பிறகு நான். எடுத்ததும் அவர் கேட்டார்:

“சார் பேசினாரா?”

“பேசினார்.”

“இங்கயும் அதே பேச்சுதான். வார்டருங்கள்லயே ரெண்டு கோஷ்டி. ஒருத்தன் எங்கிட்ட சிரிக்கறான், ஒருத்தன் தட்ட தூக்கிப் போடறான். கையெழுத்து ஆவற வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு வுடாதீங்க கவிதா.”

“சரிங்க.”

“சேலத்துக்கு வந்துட்டா நீ வாராவாரம் வருவியா?”

“வராம?”

“டெய்லி வுட மாட்டானுங்க, தெரியும். சும்மா கேட்டேன்.”

அதற்குள் அறுந்துவிட்டது. எட்டு மாதம்தான் ஒரே வீட்டில் இருந்தோம். மிச்சமெல்லாம் சனிக்கிழமை. அவர் எப்படி நடப்பார் என்பது சில சமயம் மறந்துபோகிறது. அது தெரிந்தால் அழுவார், சொன்னதில்லை.

வாங்க வேண்டியது: ப்ளீச் க்ரீம், காட்டன் ரோல், அத்தைக்கு பி.பி. மாத்திரை, மோட்டாருக்கு கன்டென்சர்.

நவம்பர் 10, திங்கள்

கையெழுத்து ஆகிவிட்டது. ஆகிவிட்டது. ஆகிவிட்டது.

மதியம் தூதரகத்து சார் கூப்பிட்டார். “19-ஆம் தேதி புதன்கிழமை ஃபிளைட். பதினொரு பேரும் ஒண்ணா. சென்னையில இறக்கி அவங்கவங்க ஸ்டேட்டுக்கு. ஆனா ஒண்ணு. விமானம் ஏறற வரைக்கும் பத்திரிகை வேண்டாம், ஃபேஸ்புக் வேண்டாம், ஸ்டேட்டஸ் வேண்டாம். இங்க நிலைமை கண்ணாடிப் பாத்திரம் மாதிரி இருக்கு. புரியுதாம்மா?”

புரிகிறது என்றேன். மூன்று முறை சொல்ல வைத்தார்.

அத்தை நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கையில் இருந்த முறத்தோடு. பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நெடுநேரம். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

சரவணனுக்கு நானே சொன்னேன். சார் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சொன்னேன். வேண்டாம், வேண்டாம், வேண்டாம், மூன்றையும்.

“தெரியும் அண்ணி. நான் என்ன சின்னப் பையனா?”

கண் கலங்கியிருந்தான். அண்ணன் மேல் உயிர் இவனுக்கு. அதில் குறையே சொல்ல முடியாது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. சந்தோஷம்தான்.

நவம்பர் 12, புதன்

பாப்பிரெட்டிப்பட்டியில் மணப்பெண் அலங்காரம். விடிவதற்கு முன்னே போய்விட்டேன். பெண்ணுக்குத் தூக்கம், மாமியாருக்குக் கோபம், எனக்குக் காபி இல்லை. மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை பேனர் பத்துக்கு மேல். சிங்கத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒன்று. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சாவு, பிளஸ் டூ பாஸ். இந்தப் பக்கம் பேனர் வைக்காத விசேஷம் இல்லை. யாராவது நல்லது செய்தால் கட்டாயம் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் நன்றி கெட்டவன்.

மாலை தருமபுரியிலிருந்து டவுன் பஸ். இண்டூர் ஸ்டாப்பில் இறங்கினேன். எதிரே என் புருஷன் சிரிக்கிறார்.

பேனர். பன்னிரண்டுக்கு எட்டு அடி. நடுவில் தீவின் மந்திரி. நெட்டிலிருந்து எடுத்த படம், கோட் சூட். யாருடைய கைகளையோ வெட்டி ஒட்டிக் கும்பிடுகிற மாதிரி செய்திருக்கிறார்கள். பக்கத்திலேயே அவர், கல்யாண போட்டோவில் இருந்து, மாலையை அழித்துவிட்டு. முழுப் பெயர், ஊர் பெயர். கீழே வரிசையாக வட்டத்துக்குள் கட்சி ஆட்கள், முதலில் ஒன்றியச் செயலாளர். ஓரத்தில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சரவணன்.

மேலே எழுதியிருந்தது: ‘எங்கள் வீட்டுப் பிள்ளையை மீட்டுத் தந்த தீவின் திருமகனே! தமிழினத்தின் தங்கமே! கடல் தாண்டியும் சொந்தம் மறவாத எங்கள் அமைச்சரே! இண்டூர் உன்னை வணங்குகிறது!’

மந்திரியின் கொள்ளுத்தாத்தா இந்தப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவராம். அதை எங்கேயோ படித்திருக்கிறான். எங்கள் அமைச்சரே. எங்கள்.

அங்கேயே நின்றுவிட்டேன். டீக்கடையில் கைதட்டினார்கள். நான் பார்க்கத்தான் நிற்கிறேன் என்று நினைத்தார்கள்.

ச. ஓடி வந்தான். “எப்பிடி அண்ணி?”

“எடு.”

“ஒரு நாள் இருக்கட்டும்ங்க. ஒன்றியச் செயலாளருகிட்ட மட்டும்தான் சொன்னேன், கேட்டுட்டாரு. ‘ஏன்டா, நான் லெட்டர் குடுத்து உங்கண்ணன் வர்றான், ஒரு பேனர் கூட இல்லியா’ன்னு எல்லாரு முன்னாடியும் கேட்டுட்டாரு. நான் என்ன பண்றது?”

“சார் என்ன சொன்னாருன்னு சொன்னேன்ல?”

“பேப்பரு வேணாம், ஃபேஸ்புக்கு வேணாம், ஸ்டேட்டஸு வேணாம்னாரு. பேனர சொல்லலியே. இது நம்ம ஊருக்குள்ளங்க. இண்டூர் ஸ்டாப்புல வச்சா அங்க யாருக்குத் தெரியப் போவுது?”

பையில் வேலைக் கத்தரிக்கோல் இருந்தது. ஆட்டோக்காரரைப் பேனர் அருகே நிறுத்தச் சொல்லி, வண்டி மேல் ஏறி, ஒரு பக்கக் கயிறுகளை வெட்டினேன். பாதி தொங்கியது. மந்திரி முகம் மடிந்துகொண்டது. புடவை, பூ, மணப்பெண் வீட்டில் வைத்த சந்தனம், எல்லாவற்றோடும் ஊர் பார்க்க. யாரோ சொன்னது காதில் விழுந்தது: “புருசன் வர்ற சந்தோசத்துல என்னமோ ஆயிருச்சு இதுக்கு.”

மற்றப் பக்கத்தை சரவணனே வெட்டினான். முகம் செத்துவிட்டது அவனுக்கு.

“எத்தன பேரு போட்டோ புடிச்சாங்க?” என்று கேட்டேன்.

டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

நவம்பர் 13, வியாழன்

ஒன்றும் நடக்கவில்லை. தூறல். மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் பேனர் பற்றியே. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்திக்கு மேலுதட்டில் லேசாகக் கீறிவிட்டது.

ஒன்றும் நடக்காது. நடக்காது.

நவம்பர் 14, வெள்ளி

நடந்துவிட்டது.

டீக்கடையில் இருந்து ஒருவர் ரீல் போட்டிருக்கிறார், பாட்டோடு. அதை தீவில் தமிழ் படிக்கத் தெரிந்த யாரோ பார்த்து, அவர்கள் மொழியில் வரி வரியாக எழுதிப் போட்டிருக்கிறார்கள். நா.பே. தலைவர் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து பார்லிமெண்டில் தூக்கிக் காட்டினார். வீடியோ சரவணனே காட்டினான்.

தலைவர் பேசியதைத் தூதரகத்து சார் தமிழில் எழுதி அனுப்பியது: ‘இவர் எங்கள் நாட்டின் மந்திரியா, இண்டூரின் மந்திரியா? எங்கள் மனிதனைக் கொன்றவனைத் தூக்கிக் கொடுத்து யாரிடம் நல்ல பெயர் வாங்குகிறார்?’ திங்கட்கிழமைக்குள் கையெழுத்தை ரத்து செய்யாவிட்டால் ஆதரவு வாபஸாம். அரசாங்கம் விழுந்தால் நம் அமைச்சர் பயணமும் இல்லை, துறைமுகம் இரண்டாம் கட்டமும் இல்லை.

பிறகு போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “யாரும்மா செஞ்சது?”

“எங்க வூட்லதான் சார்.”

போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அந்த வீடியோவின் கடைசியில் ஒரு பெண். செத்துப்போனவரின் மனைவி. நா.பே. ஆட்கள் மேடையில் நிறுத்தி மைக் கொடுத்திருக்கிறார்கள். என் வயதுதான் இருக்கும். என்ன பேசினாள் என்று புரியவில்லை. புருவம் எடுத்து ரொம்ப மாதமாகியிருக்கிறது. முடியை யாரோ அவசரத்தில் வாரிவிட்டிருக்கிறார்கள். மைக்கை வாயிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தாள், பழக்கமில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் மேல்தான் ஆத்திரம் வந்தது. அவள் மேல் வரவில்லை. வரவே வராது.

டீக்கடையில்: “நம்ம இண்டூர் பேனரு அங்க பார்லிமெண்டுலப்பா! எந்த ஊருக்கு இந்தப் பெரும?” கல்லெடுத்து அடிக்கலாம் போல இருந்தது.

நவம்பர் 15, சனி

மேகமூட்டம். கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் பாதிதான், அவர் கூப்பிடும் வரை யாரையும் தொட விடவில்லை.

கூப்பிட்டார். அவருக்குத் தெரியவில்லை. உள்ளே டிவி இல்லையாம், செய்தி போகவில்லை. குரலிலேயே சந்தோஷம்.

“கம்பளிய ஒரு நேப்பாளப் பையனுக்குக் குடுத்துட்டேன். அவனுக்குக் குளுரு தாங்காது. எனக்கு எதுக்கு இனிமே.”

“…”

“கவிதா?”

“இருக்கறேங்க.”

“சேலத்துல வெயிலு எப்பிடி இப்ப?”

“இப்ப மழைதாங்க. கார்த்திக வருதில்ல.”

சொல்லவில்லை நான். எப்படிச் சொல்வது. பிடித்த சினிமாப் பாட்டு ஒன்றை முனகினார், பத்து நிமிடமும் முடிந்தது. அத்தை வாயில் துணியை வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

மாலை ஒரு போன். கோலாரிலிருந்து ஒரு அம்மா. பதினொரு பேரில் ஒருவனின் தாய். பாதி கன்னடம், பாதி தமிழ். நம்பர் எப்படிக் கிடைத்ததோ.

“ஏம்மா, உங்க ஊர்ல ஏதோ பேனராமே? நம்ம மக பர்த்தானேம்மா? பர்த்தானே அல்வா?”

மகன் வருவான்தானே என்று கேட்கிறாள். என்னிடம்.

வருவான்மா என்றேன். யாரைக் கேட்டுச் சொன்னேன் தெரியவில்லை. ஒரு பேனர். பதினொரு வீடு.

நவம்பர் 17, திங்கள்

கடை திறக்கவில்லை. ‘உடல்நிலை சரியில்லை’ என்று எழுதித் தொங்கவிட்டேன். பொய்யும் இல்லை.

ச. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று அத்தை. அத்தை அவனைத் திட்டவும் இல்லை, பேசவும் இல்லை. தட்டை மட்டும் வைக்கிறார், எடுக்கிறார். ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையை எவ்வளவு வெறுப்பது என்று தெரியாமல் தவிக்கிறார் பாவம்.

ஒன்றியச் செயலாளருக்கு போன் செய்தானாம். ‘வெளிநாட்டு விவகாரம் தம்பி, கொஞ்ச நாள் என் பேரை இழுக்காதே’ என்றாராம். வட்டத்துக்குள் சிரித்தவர்.

தீவில் மந்திரிசபை கூடியிருக்கிறது. இன்னும் முடியவில்லை. சாரின் போன் பிஸி. பிஸி. பிஸி.

ஏழாம் வகுப்பில் படித்தது ஞாபகம் வருகிறது. வெளியுறவுக் கொள்கை என்றால் இரண்டு நாடுகள் கை குலுக்குகிற படம் போட்டிருக்கும். நாலு எம்.பி. அந்தப் படத்தில் எங்கே நிற்பார்கள் என்று டீச்சர் சொல்லவில்லை. இப்போது பரீட்சை வைத்தால் நூற்றுக்கு நூறு வாங்குவேன்.

நவம்பர் 18, செவ்வாய்

காலையிலேயே சார்.

“ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்கம்மா.”

சமாதானமாம். நா.பே. ஆதரவை வாபஸ் வாங்காது. அமைச்சர் பயணம் நடக்கும். துறைமுகமும் நடக்கும். மந்திரி மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஃபிளைட் நாளைக்கு அதே நேரம்.

மூச்சு விட்டேன். அப்புறம்தான் அவர் குரல் கவனத்துக்கு வந்தது.

“பத்து பேர் வர்றாங்க.”

“பத்தா?”

“ஒரு பேரை மட்டும் நிறுத்தி வச்சிருக்காங்க. அது இல்லாம அந்தக் கட்சி சம்மதிக்கல. அவங்களுக்கு வெளியில காட்ட ஏதாவது ஒண்ணு வேணும்ல.”

“எந்தப் பேரு சார்?”

தெரிந்துதான் கேட்டேன். பேனரில் இருந்தது ஒரே பெயர்தானே.

“நம்ம பக்கமும் ஒத்துக்கிட்டாங்களா?” என்று கேட்டேன்.

“பத்து பேர் குடும்பம் இருக்கேம்மா,” என்றார். அவர் மேல் தப்பில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். ஆனால் நான் அவர் இடத்தில் இல்லை.

அத்தையிடம் சொன்னேன். “பெரியவன் மட்டுமா?” என்றார். “மட்டுமா?” திரும்பவும். மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தேன்.

சரவணனிடம் அத்தையே போய்ச் சொன்னார். அவன் சத்தம் போட்டு அழுதது என் அறை வரை கேட்டது. எனக்கு அழுகை வரவில்லை. அவனை அடிக்கத் தோன்றியது, அவன் தலையைத் தடவவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை.

நவம்பர் 19, புதன்

நல்ல மழை.

செய்தியில் காட்டினார்கள். கொஞ்ச நேரம்தான். சென்னை ஏர்போர்ட், போலீஸ் வேன், துணியால் முகம் மறைத்த ஆட்கள். எண்ணினேன். பத்து. உடனே அடுத்த படம், நம் அமைச்சர் அங்கே போய் இறங்குகிறார், பூங்கொத்து, கை குலுக்கல். ‘இரு நாட்டு நல்லுறவு மேலும் வலுப்பெறும்.’ வாசித்த பெண்ணின் ஐலைனர் ஒரு பக்கம் தடிமன். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோலார் அம்மா போன். “பந்தாம்மா! மக பந்தா!” மகன் வந்துவிட்டானாம். அழுகிறாள். பிறகு நிதானித்து, “உங்க வீட்டவரு?” என்று கேட்டாள்.

“பின்னால வருவாரும்மா.”

உண்மையிலேயே அவளுக்காகச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரம். போனை வைத்ததும் பொறாமையில் வயிறு எரிந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கடை திறந்தேன். வாடிக்கைக்காரி ஒருத்தி, “அக்கா, உங்களுக்கே கண்ணுக்குக் கீழ கருவளையம் வந்துருச்சு,” என்றாள்.

நவம்பர் 21, வெள்ளி

மழை இல்லை. பனி.

சரவணன் பார்லர் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. ஐந்து நாளில் தாடி.

“அண்ணி, கவுந்துருச்சு.”

“என்ன?”

“அங்க. கவர்மெண்டு. நாலு பேரும் ஆதரவ வாபஸ் வாங்கிட்டானுங்க. டீசல் வெலைக்காவ.”

பாதிப் புருவத்தில் நூலோடு நின்றேன். நம் விஷயமே இல்லை. பேனரும் இல்லை, துறைமுகமும் இல்லை. டீசல். நம் அமைச்சர் ஊர் திரும்ப விமானம் ஏறிய மறுநாள். எந்த அரசாங்கம் விழாமல் இருக்க என் புருஷனை நிறுத்தி வைத்தார்களோ அது நாலு நாள்கூட நிற்கவில்லை.

சாரிடம் பேசினேன். காபந்து சர்க்கார் எந்தக் கையெழுத்தும் போடாதாம். தேர்தல், பிறகு கூட்டணி பேசி, பிறகு மந்திரி வந்து, பிறகு ஃபைல் முதலிலிருந்து. நா.பே. இந்தத் தடவை இன்னும் நிறைய இடத்தில் ஜெயிக்கும் என்கிறார்கள். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டதற்கு, “பிரார்த்தனை பண்ணுங்கம்மா,” என்றார். அரசாங்க ஆள் வாயில் அந்த வார்த்தை வந்தால் என்ன அர்த்தம் என்று தெரியும்.

சரவணன் இன்னும் வாசலிலேயே. “வாரியம் குடுத்திருந்தா நின்னுருப்பானுங்க,” என்றான், யாரிடமும் இல்லாமல்.

டிபன் பாக்ஸைத் திறந்து, “உள்ள வந்து சோறு தின்னு,” என்றேன். வந்தான்.

நவம்பர் 22, சனி

தூறல். காஸ் தீர்ந்துவிட்டது, பக்கத்து வீட்டு அடுப்பில் சமையல்.

போன் ஸ்பீக்கரில். அத்தை, நான், ச. மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி.

கூப்பிட்டார். குரல் வேறு மாதிரி. அத்தை அழ ஆரம்பித்ததும் “அழுவாதம்மா” என்றார், ஒரே தடவை. பிறகு என்னிடம்:

“பையெல்லாம் எடுத்துக்கிட்டு ஜெயிலு கேட்டு வரைக்கும் போயிட்டேன் கவிதா. பதினொரு பேரும் வரிசையா நின்னோம். ஒவ்வொருத்தன் பேரா படிச்சாங்க. எம்பேரு மட்டும் படிக்கல. வுட்டுப்போச்சுன்னு நெனச்சு நானே போயி சொன்னேன். திரும்பக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எம்பேரு மட்டும் ஏன்?”

ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். பெயர் எழுத்து மாறிவிட்டது, கம்ப்யூட்டர் தப்பு, சரி செய்கிறார்கள் என்று. வாயைத் திறந்தேன். சரவணன் போனைப் பிடுங்கிக்கொண்டான்.

“நான்தாண்ணா. பேனர் வச்சேன். மந்திரிக்கு. நம்ம ஸ்டாப்புல. அண்ணி வேணாம்னாங்க, கேக்கல. அத அங்க பாத்துட்டானுங்க. என்னாலதாண்ணா.”

அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன், விநாடி ஓடிக்கொண்டிருந்தது.

“எவ்ளோ பெருசு?” என்றார் அவர்.

“பன்னெண்டுக்கு எட்டுண்ணா.”

“நான் எங்க இருந்தேன்?”

“நடுவுலண்ணா. மந்திரி பக்கத்துல. கல்யாண போட்டோ.”

மூச்சு விடும் சத்தம் கேட்டது.

“ஓரமா ஒரு வட்டத்துக்குள்ள போட்டிருந்தா வந்திருப்பேனேடா,” என்றார்.

திட்டவில்லை. சத்தம் போடவில்லை. சரவணன் தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் போனை எடுத்து, என்னங்க, என்னங்க என்றேன்.

நேரம் முடிந்து அறுபடவில்லை. பாதிக்கு மேல் மீதி இருந்தது. அவரே வைத்துவிட்டார்.